கணினி விசிறியின் நான்காவது கம்பி

மேசைக் கணினிக்குள் சுழலும் விசிறிக்கு வெப்பத்தை அறியும் திறன் கிடையாது. வெப்ப உணரியைத் தன்னிடமே வைத்திருக்கும் சில வகைகளை ஒதுக்கிவிட்டால், மற்றவை எல்லாம் சொன்னபடி சுழல்பவை மட்டுமே. செயலியின் (சிபியூ) சூட்டை அளப்பது செயலிக்குள் இருக்கும் உணரி. அந்த அளவைப் படித்து, விசிறி எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும் என்று முடிவெடுப்பது மதர்போர்டில் இருக்கும் சிறிய கட்டுப்பாட்டுச் சில்லு. அந்த முடிவு கம்பி வழியாக விசிறியைச் சென்றடைகிறது. புதிதாக விசிறி வாங்கிப் பொருத்தியவர்கள், அது எந்நேரமும் இரைகிறது என்றும், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புத் திரையில்) வேகத்தைக் குறைத்தாலும் குறைவதில்லை என்றும் சொல்லும்போது, பெரும்பாலும் விசிறியிலும் பழுதிருக்காது, மதர்போர்டிலும் பழுதிருக்காது. கட்டளை ஒரு வழியாகப் போய்க்கொண்டிருக்க, விசிறி இன்னொரு வழியில் அதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டு வழிகளும் விசிறியிலிருந்து வரும் கம்பிகளிலேயே தெரிந்துவிடும்.

மூன்று கம்பிகளும் அவற்றின் வேலையும்

கேபினெட்டில் பொருத்தும் விசிறிகளில் மூன்று கம்பி கொண்டவை உண்டு, நான்கு கம்பி கொண்டவை உண்டு. மூன்று கம்பி விசிறியில் முதலாவது தரைக்கம்பி, இரண்டாவது 12 வோல்ட் மின்சாரம் கொண்டுவரும் கம்பி. மூன்றாவதுதான் புதியவர்களைக் குழப்புவது. அதுவே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது விசிறியிடமிருந்து மதர்போர்டுக்குச் செய்தி கொண்டுபோகும் கம்பி. விசிறி ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது இந்தக் கம்பியில் இரண்டு துடிப்புகளை அனுப்புகிறது. மதர்போர்டு ஒரு விநாடிக்கு 40 துடிப்புகளை எண்ணினால், விசிறி விநாடிக்கு 20 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 1200 சுற்று சுழல்கிறது என்று பொருள். பயாஸ் திரையில் விசிறியின் பெயருக்கு எதிரே தெரியும் எண் இப்படித்தான் கிடைக்கிறது. இந்தக் கம்பி அறுந்துபோனாலும் விசிறி சுழலும். சுழல்கிறது என்ற தகவல் மட்டும் போய்ச் சேராது.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி இல்லாதபோது மூன்று கம்பி விசிறியை மெதுவாக்குவது எப்படி? இரண்டாவது கம்பியில் வரும் 12 வோல்ட்டையே குறைத்துவிடுவதுதான் வழி. 9 வோல்ட் கொடுத்தால் விசிறி மெதுவாகச் சுழலும். 7 வோல்ட் கொடுத்தால் இன்னும் மெதுவாகும். பயாஸில் டிசி முறை என்றும், சில மதர்போர்டுகளில் மின்னழுத்த முறை என்றும் குறிக்கப்படுவது இதுவே. இங்கே கட்டளை என்று தனியாக எதுவும் இல்லை. வரும் மின்சாரமே கட்டளையும் ஆகிறது.

இந்த எளிமையில் ஒரு குறை இருக்கிறது. மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மோட்டார் சுழலும் வலிமையை இழந்து நின்றுவிடும். அந்த எல்லை விசிறிக்கு விசிறி மாறும். நின்ற விசிறி மீண்டும் சுழலத் தொடங்க, ஓடிக்கொண்டிருக்கும் விசிறியைத் தொடர்ந்து ஓடவைப்பதைவிடக் கூடுதலான மின்னழுத்தம் தேவைப்படும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 5 வோல்ட்டில் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் விசிறி, கணினியை அணைத்து மறுபடி இயக்கும்போது அதே 5 வோல்ட்டில் அசையாமல் நிற்கக்கூடும். விசிறி கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றி வீசுவதற்கு முன், தொடக்க அளவைச் சற்று உயர்த்திப் பார்ப்பது நல்லது.

நான்காவது கம்பி

நான்கு கம்பி விசிறியில் 12 வோல்ட் எப்போதும் முழுமையாக வந்துகொண்டிருக்கும். வேகத்துக்கான கட்டளை மட்டும் நான்காவது கம்பியில் தனியாக வரும். பிடபிள்யூஎம் என்று அழைக்கப்படும் இந்த முறையில், கட்டளைக் கம்பியில் மின்குறிப்பு (சிக்னல்) ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 25,000 முறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் ஆகும் நேரம் 40 மைக்ரோ விநாடி. அந்த 40 மைக்ரோ விநாடியில் குறிப்பு எவ்வளவு நேரம் ஏறிய நிலையில் இருக்கிறது என்பதுதான் செய்தி. 16 மைக்ரோ விநாடி ஏறியும் 24 மைக்ரோ விநாடி இறங்கியும் இருந்தால் அது 40 சதவீதக் கட்டளை. 40 மைக்ரோ விநாடியும் ஏறியே இருந்தால் 100 சதவீதம். விசிறிக்குள் இருக்கும் சில்லு இந்த விகிதத்தைப் படித்துக்கொண்டு, தன் மோட்டாருக்கு எவ்வளவு வலிமை கொடுக்க வேண்டும் என்று தானே பார்த்துக்கொள்கிறது.

25,000 என்ற எண்ணுக்குக் காரணம் மனிதக் காது. நம்மால் கேட்க முடிகிற ஒலியின் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழான அதிர்வெண்ணில் மோட்டாரை விட்டு விட்டு இயக்கினால் மெல்லிய ரீங்காரம் காதில் விழ வாய்ப்புண்டு; எல்லையைத் தாண்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இந்தக் கம்பி வழியாக மோட்டாருக்கான மின்சாரம் போவதில்லை, குறிப்பு மட்டுமே போகிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அதனால்தான் நான்காவது கம்பியைப் பிடுங்கிவிட்டாலும் விசிறி நிற்காது. மாறாக, முழு வேகத்தில் சுழலத் தொடங்கும். கட்டளை வரவில்லையென்றால் உச்ச வேகத்தில் ஓடு என்பதே வடிவமைப்பாளர்கள் வைத்த விதி. கம்பி அறுந்து விசிறி நின்றுபோவதைவிட, இரைச்சலோடு ஓடுவது பாதுகாப்பானது அல்லவா? திடீரென்று ஒரு விசிறி மட்டும் அலறத் தொடங்கினால், முதலில் அதன் இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

50 சதவீதக் கட்டளைக்குச் சரியாகப் பாதி வேகம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. விகிதத்தை வேகமாக மாற்றும் கணக்கு ஒவ்வொரு விசிறியிலும் வேறுபடும். அதேபோல், கட்டளையைச் சுழியத்துக்கு இறக்கினால் சில விசிறிகள் முற்றிலும் நிற்கும். வேறு சில தமக்கென்று வைத்திருக்கும் குறைந்த வேகத்துக்குக் கீழே இறங்க மறுக்கும். இரண்டும் இயல்பானவையே.

பொருந்தாத இணைப்புகள்

விசிறிக் கம்பியின் நுனியில் இருப்பது செருகி, அதை ஏற்க மதர்போர்டில் இருப்பது முனை. மூன்று துளை கொண்ட செருகி நான்கு பின் கொண்ட முனையிலும், நான்கு துளை கொண்ட செருகி மூன்று பின் கொண்ட முனையிலும் தடையின்றிப் பொருந்தும். முனையின் ஒரு பக்கம் எழுந்து நிற்கும் சிறு பிளாஸ்டிக் நாக்கு, செருகியைத் தவறான இடத்தில் செருகவிடாமல் தடுக்கிறது. வலிந்து திணிக்காத வரை தவறு நேராது. ஆனால் பொருந்துவது வேறு, கட்டுப்படுவது வேறு.

மூன்று கம்பி விசிறியை நான்கு பின் முனையில் செருகினால் நான்காவது பின் வெறுமனே நிற்கும். அந்த முனை பிடபிள்யூஎம் முறையில் இருந்தால், மதர்போர்டு நான்காவது பின்னில் கட்டளையை அனுப்பிக்கொண்டே இருக்கும், அதைக் கேட்க அங்கே கம்பி இருக்காது. 12 வோல்ட்டும் குறையாமல் வந்துகொண்டிருக்கும். விசிறி இரவும் பகலும் உச்ச வேகத்தில் சுழலும். பயாஸில் அந்த முனையை டிசி முறைக்கு மாற்றினாலே தீர்வு கிடைத்துவிடும். இதைச் செய்யாமல் விசிறியைக் குறை சொல்லி மாற்றியவர்களுள் நானும் ஒருவன் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான்கு கம்பி விசிறியை மூன்று பின் முனையில் செருகினால் கட்டளைக் கம்பி வெளியே நிற்கும். முனை மின்னழுத்தத்தை மாற்றும் திறன் கொண்டதாக இருந்தால் விசிறி அதற்கேற்ப ஓரளவு கட்டுப்படும். இல்லையென்றால் முழு வேகம்தான். நான்கு கம்பி விசிறியை நான்கு பின் முனையிலேயே செருகி, முறையை மட்டும் டிசி என்று தவறாக வைத்துவிடுவதும் உண்டு. அப்போது விசிறி சுழலும், வேகமும் மாறும், ஆனால் அதன் உள்ளே இருக்கும் சில்லுக்கும் குறைந்த மின்னழுத்தமே கிடைப்பதால் குறைந்த வேகங்களில் தடுமாறலாம். தானியங்கி முறை என்று ஒரு தேர்வும் பல மதர்போர்டுகளில் இருக்கிறது; அது பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடிக்கும். இருந்தாலும் கம்பிகளை எண்ணிப் பார்த்து, முறையை நாமே தேர்ந்தெடுத்துவிடுவது எனக்கு நிம்மதி.

பவர் சப்ளையிலிருந்து வரும் மோலெக்ஸ் இணைப்பில் நேரடியாக விசிறியைச் செருகும் வழியும் உண்டு. அதில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், இரண்டு கறுப்புகளும் தரைக்கம்பிகள். இப்படி இணைத்த விசிறிக்குக் கட்டளையிட யாரும் இல்லை. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே விசிறியை இணைத்தால் 12க்கும் 5க்கும் உள்ள வித்தியாசமான 7 வோல்ட் கிடைக்கும் என்று ஒரு பழைய உத்தி சொல்லப்படுவதுண்டு. விசிறிக்குள் குறுக்கிணைப்பு நேர்ந்தால் 12 வோல்ட் நேராக 5 வோல்ட் தடத்துக்குள் பாய்ந்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

எந்த முனையில் எதை இணைப்பது

மதர்போர்டில் ஒவ்வொரு முனைக்கும் அருகே அதன் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். சிபியூ ஃபேன் என்பது செயலியின் மேல் அமரும் விசிறிக்கு உரியது. கணினி தொடங்கும்போது இந்த முனையிலிருந்து துடிப்பு வரவில்லையென்றால், பல மதர்போர்டுகள் எச்சரிக்கைச் செய்தி காட்டி அங்கேயே நின்றுவிடும். செயலியின் விசிறியைத் தவறுதலாக வேறு முனையில் இணைத்துவிட்டு, நன்றாகச் சுழலும் விசிறியை ஏன் இந்தக் கணினி காணவில்லை என்கிறது என்று திகைப்பவர்கள் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும். சிபியூ ஆப்ட் என்பது அதே குளிர்விப்பானில் இரண்டாவது விசிறி இருந்தால் அதற்கு. சேசிஸ் அல்லது சிஸ்டம் என்று தொடங்கும் பெயர்கள் கேபினெட் விசிறிகளுக்கு. பம்ப் என்ற பெயர் இருந்தால் அது நீர்வழிக் குளிர்விப்பானின் பம்புக்கானது. அந்த முனை வழக்கமாக முழு வேகத்துக்கே அமைக்கப்பட்டிருக்கும் என்பதால், சாதாரண விசிறியை அங்கே இணைத்தால் இரைச்சலுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

முனைகள் குறைவாகவும் விசிறிகள் அதிகமாகவும் இருந்தால் ஒரு முனையைப் பல கிளைகளாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் கம்பி உதவும். ஆனால் ஒரு முனை தாங்கும் மின்னோட்டத்துக்கு எல்லை உண்டு. பெரும்பாலான மதர்போர்டுகளில் அது ஒரு முனைக்கு 1 ஆம்பியர், அதாவது 12 வோல்ட்டில் 12 வாட். உறுதியான அளவு மதர்போர்டின் கையேட்டில் இருக்கும். ஒவ்வொரு விசிறியின் நடுவில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் ஆம்பியர் அளவு எழுதப்பட்டிருக்கும். 0.2 ஆம்பியர் என்று எழுதிய மூன்று விசிறிகள் சேர்ந்து 0.6 ஆம்பியர், சுழலத் தொடங்கும் கணத்தில் இதைவிடக் கூடுதலாக இழுக்கும் என்பதால், எல்லையை ஒட்டிப் போகாமல் இடம் விட்டு வைப்பது முறை. அதற்கு மேல் தேவைப்பட்டால், மின்சாரத்தைப் பவர் சப்ளையின் சாட்டா இணைப்பிலிருந்தும் கட்டளையை மட்டும் மதர்போர்டிலிருந்தும் பெறும் ஹப் வாங்கலாம்.

நல்ல ஸ்ப்ளிட்டரைப் பார்த்தால் ஒரு கிளையில் நான்கு கம்பியும் மற்றவற்றில் மூன்றே கம்பியும் இருக்கும். குறைபாடுள்ள பொருள் என்று எண்ண வேண்டாம். விடுபட்டிருப்பது துடிப்புக் கம்பி. இரண்டு விசிறிகளின் துடிப்புகள் ஒரே கம்பியில் கலந்தால் மதர்போர்டு தவறான எண்ணைக் காட்டும் என்பதால், ஒன்றின் துடிப்பை மட்டும் மேலே அனுப்புகிறார்கள். இதற்கு ஒரு விலை உண்டு: துடிப்புக் கம்பி இல்லாத கிளையில் இருக்கும் விசிறி நின்றுபோனால் கணினிக்குத் தெரியவே தெரியாது. அவ்வப்போது கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வண்ண விளக்கு கொண்ட விசிறிகளில் விளக்குக்கென்று தனியாக ஒரு கம்பி வரும். அதற்கும் சுழற்சிக்கும் தொடர்பில்லை. ஏஆர்ஜிபி என்ற வகை 5 வோல்ட்டில் இயங்குவது. அதன் முனையில் நான்கு பின்களுக்கான இடத்தில் ஒன்று விடுபட்டு மூன்றே இருக்கும். பழைய ஆர்ஜிபி வகை 12 வோல்ட்டில் இயங்குவது. அதற்கு நான்கு பின்களும் உண்டு. 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் முனையில் எப்படியோ இணைத்துவிட்டால் விளக்குகள் எரிந்துபோகும், மீட்க வழியில்லை. இந்தக் கட்டுரையில் சொல்லும் தவறுகளில் பணத்தை உடனடியாகப் பறிப்பது இது ஒன்றுதான்.

காற்று எந்தப் பக்கம் வீசும் என்பதையும் திருகாணியை முடுக்குவதற்கு முன் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலான விசிறிகளில் நடுப்பகுதியைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் இருக்கும் பக்கமாகக் காற்று வெளியேறும். சில விசிறிகளின் சட்டத்தில் அம்புக்குறியே பொறித்திருப்பார்கள். முன்பக்கமும் அடிப்பக்கமும் உள்ளே இழுப்பதும், பின்பக்கமும் மேல்பக்கமும் வெளியே தள்ளுவதும் வழக்கமான அமைப்பு.

வெப்பத்துக்கு ஏற்ற வேகம்

இணைப்பு சரியாகிவிட்டால் மிஞ்சுவது, எந்த வெப்பத்துக்கு எந்த வேகம் என்று வகுத்துக் கொடுப்பது. பயாஸில் ஃபேன் கர்வ் என்ற பெயரில் ஒரு வரைபடம் இருக்கும். படுக்கைக் கோட்டில் வெப்பநிலை, செங்குத்துக் கோட்டில் விசிறியின் சதவீதம். நான்கைந்து புள்ளிகளை நகர்த்தி வைத்தால், அவற்றை இணைக்கும் கோட்டின்படி மதர்போர்டு வேகத்தை மாற்றும். தொடங்குபவருக்கு ஒரு மாதிரி: 40 பாகை செல்சியஸ் வரை 30 சதவீதம், 60 பாகையில் 45, 75 பாகையில் 70, 85 பாகையில் 100. இதிலிருந்து தன் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

புள்ளிகளை விடவும் பெரிய சிக்கல் செயலியின் சுபாவம். உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே செயலியின் வெப்பநிலை ஒரே விநாடியில் 10, 15 பாகை எகிறி, அடுத்த விநாடியில் திரும்ப இறங்கிவிடும். விசிறி ஒவ்வொரு எகிறலுக்கும் பின்னால் ஓடினால் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். சீரான ஓசை நம் காதுக்குச் சீக்கிரம் பழகிப்போகிறது; ஏறி இறங்கும் ஓசைக்குக் காது ஒருபோதும் பழகுவதில்லை. இதற்காகவே பயாஸில் இரண்டு அமைப்புகள் தரப்படுகின்றன. ஒன்று, வெப்பம் உயர்ந்த பிறகு வேகத்தைக் கூட்டுவதற்கு முன் சில விநாடி பொறுத்திருக்கச் சொல்வது. மற்றது ஹிஸ்டரிசிஸ்: வெப்பம் ஒரு பாகை இறங்கியதும் வேகத்தைக் குறைக்காமல், மூன்று அல்லது நான்கு பாகை இறங்கும் வரை அதே வேகத்தில் ஓட விடுவது. விசிறியைப் பற்றிக் குறைப்படுபவர்கள் புதிய விசிறி தேடுவதற்கு முன் இந்த இரண்டையும் மாற்றிப் பார்த்தால் பாதிப் பேருக்குத் தேவையே இருக்காது என்பது என் கருத்து.

எந்த உணரியைப் பின்பற்றுவது என்பதும் நம் கையில்தான் இருக்கிறது. கேபினெட் விசிறிகளும் இயல்பாகச் செயலியின் வெப்பத்தையே பின்பற்றுமாறு பல மதர்போர்டுகளில் அமைந்திருக்கும். விளையாட்டின்போது அதிகம் கொதிப்பது கிராஃபிக்ஸ் கார்டு. அதன் சொந்த விசிறிகளை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அது வெளிவிடும் சூடான காற்றைக் கேபினெட்டிலிருந்து வெளியேற்ற வேண்டிய விசிறிகள், செயலி குளிர்ந்திருக்கிறதே என்று சும்மா இருந்துவிடக்கூடும். மதர்போர்டின் உணரியைப் பின்பற்றச் செய்தால் ஓரளவு சரியாகும். விண்டோஸில் ஃபேன் கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருள், செயலி, கிராஃபிக்ஸ் கார்டு ஆகிய இரண்டின் வெப்பத்தில் எது அதிகமோ அதைப் பின்பற்றும்படி அமைக்க இடம் தருகிறது. லினக்ஸில் எல்எம் சென்சார்ஸ் தொகுப்பும் ஃபேன்கண்ட்ரோலும் இதே வேலைக்குப் பயன்படுகின்றன. இயங்குதளம் தொடங்கும் முன்பே விசிறி கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதால், பயாஸில் ஒரு நல்ல அமைப்பை முதலில் வைத்துவிட்டு, மென்பொருளைப் பிறகு சேர்ப்பதே சரியான வரிசை. ஒரே முனையைக் கட்டுப்படுத்த இரண்டு மென்பொருள்களை ஓடவிட்டால் அவை ஒன்றின் கட்டளையை மற்றது அழித்துக்கொண்டிருக்கும்.

வேகத்தைச் சிறிது குறைப்பதால் கிடைக்கும் பலன் எதிர்பார்ப்பதைவிடப் பெரியது. விசிறி தள்ளும் காற்றின் அளவு வேகத்தின் நேர் விகிதத்தில் குறைகிறது. அது எடுக்கும் மின்சக்தியோ வேகத்தின் மும்மடி (கன) விகிதத்தில் குறைகிறது. நிமிடத்துக்கு 1200 சுற்றிலிருந்து 1000 சுற்றுக்கு இறக்கினால் காற்று ஆறில் ஒரு பங்குதான் குறையும், ஆனால் மோட்டாரின் சக்தித் தேவை கணக்கின்படி ஏறத்தாழ 58 சதவீதத்துக்கு வந்துவிடும். ஓசையும் 4 டெசிபெல் அளவுக்குக் குறையும். இதனாலேயே ஒரு விசிறியை விரட்டி ஓட்டுவதைக் காட்டிலும் இரண்டு விசிறிகளை நிதானமாக ஓட்டுவதும், 120 மில்லிமீட்டர் விசிறிக்குப் பதிலாக, இடமிருந்தால் 140 மில்லிமீட்டர் விசிறியை மெதுவாகச் சுழல விடுவதும் அமைதி விரும்புபவர்களின் வழியாக இருக்கிறது.

சரிபார்க்கும் முறை

இணைப்பு வேலை அனைத்தையும் கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து எடுத்த பிறகே செய்ய வேண்டும். முடித்ததும் கம்பிகள் எதுவும் இறக்கைகளில் உரசாதபடி கட்டிவிட்டு, கணினியை இயக்கிப் பயாஸுக்குள் சென்று, ஒரு விசிறியை மட்டும் எடுத்துக்கொண்டு முதலில் 100 சதவீதத்திலும், பிறகு 40 சதவீதத்திலும் வைத்துச் சில விநாடி காத்திருந்து சுற்றெண்ணைப் பாருங்கள். எண் நன்றாக இறங்கினால் அந்த விசிறியின் வேலை முடிந்தது. எண் இறங்காமல் அதே உச்சத்தில் நின்றால் முறையை மாற்ற வேண்டும். டிசி என்றிருந்தால் பிடபிள்யூஎம், பிடபிள்யூஎம் என்றிருந்தால் டிசி. விசிறி கண்ணெதிரே சுழல, எண் மட்டும் சுழியத்தில் இருந்தால் துடிப்புக் கம்பி வந்து சேரவில்லை. அது ஸ்ப்ளிட்டரின் மூன்று கம்பிக் கிளையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 40 சதவீதத்தில் விசிறி நின்றேவிட்டால், நிற்காத அளவு எதுவென்று ஐந்து ஐந்தாக ஏற்றிக் கண்டுபிடித்து, கணினியை ஒருமுறை அணைத்து இயக்கி, அதே அளவில் தானாகச் சுழலத் தொடங்குகிறதா என்பதையும் பார்த்துவிட்டு, அதற்குச் சற்று மேலே வரைபடத்தின் முதல் புள்ளியை வையுங்கள்.